தேதி நகர்ந்தது, சரக்கு நகரவில்லை

"தேதிய நீங்க மாத்திப்போட்டீங்க அம்மணி, செரி. இந்தச் சரக்க எங்கீங்க மாத்தி வெக்கறது?"

கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனி. மார்ச் மாதம். ஸ்டோர்ஸ் பார்க்கும் பெரியவர் கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவள், இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திட்டப் பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஏழு மாதமே ஆன ஒரு பெண். அன்று காலை அவள் செய்தது ஒரே ஒரு வேலைதான். 200 மோனோபிளாக் பம்ப் செய்ய வேண்டிய ஒரு ஜாப், மார்ச் 10-ஆம் தேதி முடிய வேண்டியது. அதைக் கம்ப்யூட்டரில் மார்ச் 31-க்கு மாற்றினாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

ஸ்டோர்ஸுக்கு வெளியே வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பவுண்டரியில் இருந்து வந்த காஸ்டிங் 200, கடைசல் முடிந்த ஷாப்ட் 200, வைண்டிங் முடிந்த ஸ்டேட்டர் 200, பெட்டி பிரித்த பேரிங் 400. எல்லாம் வரிசையாக அசெம்பிளி பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன. வராதது ஒன்றே ஒன்று. மெக்கானிக்கல் சீல். தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் சின்ன வளையம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அது இல்லாமல் பம்பை மூட முடியாது.

அவள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பதில் படித்ததாக அவளுக்கு நினைவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

எண்கள் புரிவதற்காக முழுமையாக்கப்பட்டவை. ஒரு பம்புக்கான பொருள் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சீல் 150 ரூபாய். 200 பம்புக்குச் சீல் மொத்தம் 30,000 ரூபாய். மீதி 7,70,000 ரூபாய்ப் பொருள் ஏற்கனவே தளத்தில் இறங்கியாகிவிட்டது.

அதாவது 30,000 ரூபாய்ப் பொருள் வராததால் 7,70,000 ரூபாய் 21 நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வங்கிக் கடன் வட்டி 12 சதவீதம் என்றால், இந்த ஒரு ஜாப்புக்கு மட்டும் வட்டி ஏறக்குறைய 5,300 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஜாப்புகளின் தேதி மாறும். சில ஜாப்புகள் ஒரே மாதத்தில் மூன்று தடவை மாறும்.

வட்டியை விடப் பெரிய பிரச்சினை இடம். பெஞ்சுக்கு முன்னால் இந்தச் சரக்கு இருப்பதால் அடுத்த ஜாப்பின் சரக்கை இறக்க முடியாது. அதை வராந்தாவில் வைப்பார்கள். வராந்தாவில் வைத்தது மழைச்சாரலில் துருப்பிடிக்கும், தள்ளுவண்டி இடித்து உடையும், எண்ணிக்கை குறையும்.

1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஓர் எளிய விதியை நிரூபித்தார். உள்ளே கிடக்கும் பொருளின் அளவு என்பது, ஒரு நாளைக்கு வெளியேறும் அளவை, ஒரு பொருள் உள்ளே தங்கும் நாட்களால் பெருக்கினால் கிடைப்பது. நாளுக்கு 20 பம்ப் வெளியே போகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 15 நாள் தளத்தில் தங்குகிறது என்றால், எந்த நேரத்தில் போய் எண்ணினாலும் சராசரியாக 300 பம்புக்கான சரக்கு இருக்கும். தங்கும் நாள் 25 ஆனால் அது 500. கூடுதலாக ஒரு பம்பும் விற்கவில்லை. ஸ்டாக் மட்டும் 200 ஏறிவிட்டது.

ரேஷன் கடை வரிசை மாதிரிதான். கடைக்காரர் வேகம் மாறவில்லை, ஒவ்வொருவரும் நிற்கும் நேரம் கூடுகிறது என்றால் வரிசை நீள்கிறது என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

பெரும்பாலான தொழிற்சாலைகளில் இப்போது இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்வது எம்.ஆர்.பி. என்ற முறை. பிஸ்கட் பாக்கெட்டில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி. அல்ல! மெட்டீரியல் ரெக்வயர்மென்ட்ஸ் பிளானிங். 1960-களில் அமெரிக்காவில் உருவாகி வளர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜோசப் ஆர்லிக்கி 1975-ல் இதைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறையின் அடிப்படை நூலாக ஆகிவிட்டது.

கருத்து எளிது. 200 பம்ப் எந்தத் தேதியில் வேண்டும் என்று சொன்னால் போதும். ஒவ்வொரு பம்புக்கும் என்னென்ன பாகம், எத்தனை, அதை வாங்கவோ செய்யவோ எத்தனை நாள் என்பது கம்ப்யூட்டரில் இருக்கும். அது பின்னாலிருந்து கணக்குப் போட்டு, காஸ்டிங்கை இந்தத் தேதிக்குள் கேள், சீலை இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய் என்று சொல்லும். தேதி மாறினால் மறுபடி கணக்குப் போட்டு, இந்த ஆர்டரை முன்னுக்கு இழு, அந்த ஆர்டரைப் பின்னுக்குத் தள்ளு, இதை ரத்து செய் என்று செய்திகள் அனுப்பும்.

அங்கேதான் தலைவலி. மேலே ஒரு தேதி அசைந்தால் கீழே ஐம்பது தேதி அசையும். காலையில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் நூற்றுக்கணக்கான செய்திகள். எதை முதலில் பார்ப்பது? இதை 1970-களிலேயே கவனித்து, அமைப்புக்கு நரம்புத் தளர்ச்சி என்று கிண்டலாகப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் நெர்வஸ்னெஸ் என்றே சொல்கிறார்கள். மருந்தும் அப்போதே சொன்னார்கள். முடிய வேண்டிய தேதிக்கு இத்தனை நாள் முன்பு ஒரு வேலி போடு, வேலிக்குள் வந்த ஜாப்பின் தேதியைக் கம்ப்யூட்டர் தானாக மாற்றக் கூடாது, மனிதன் யோசித்துத்தான் மாற்ற வேண்டும். டைம் பென்ஸ் என்பது இதுதான்.

அந்தக் கம்பெனியின் மென்பொருளிலும் வேலி இருந்தது. பூஜ்ஜியம் நாள் என்று போட்டிருந்தார்கள். வேலி இருக்கிறது, ஆனால் உயரம் இல்லை.

பேரிங் போன கதை

சரி, 200 பம்புக்கு வருவோம். ஜாப் 31-ஆம் தேதிக்குத் தள்ளப்பட்டது. 400 பேரிங் ஏற்கனவே ஸ்டோர்ஸில் இருந்து இஷ்யூ ஆகிவிட்டதால் ஸ்டோர்ஸ் கணக்கில் கையிருப்பு பூஜ்ஜியம். அந்த 400, தளத்தில் நடக்கும் வேலையின் கணக்கில் இருக்கிறது. எம்.ஆர்.பி.யின் கண்ணுக்கு அது எடுத்துக் கொடுத்து முடிந்த பொருள். மறுபடி யாருக்கும் கொடுக்க முடியாது.

மார்ச் 18-ஆம் தேதி இன்னொரு ஜாப் வந்தது. 80 பம்ப், அதே பேரிங் 160 வேண்டும். கம்ப்யூட்டர் பார்த்தது. கையிருப்பு இல்லை. 160 வாங்கு என்று சொன்னது. பர்ச்சேஸில் ஆர்டர் போட்டார்கள். வருவது ஏப்ரல் 5.

பத்தடி தூரத்தில் 400 பேரிங் இருக்கும்போது எந்தப் போர்மேன் ஏப்ரல் 5 வரை காத்திருப்பார்? ஒரு துண்டுச் சீட்டில் 'கடன் 160' என்று எழிதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டார். 80 பம்ப் நேரத்துக்குப் போனது. கஸ்டமருக்குச் சந்தோஷம். போர்மேன் செய்தது தப்பு என்று சொல்லவும் முடியாது.

மார்ச் 28. சீல் வந்துவிட்டது. 29-ஆம் தேதி அசெம்பிளி ஆரம்பித்தார்கள். 120 பம்ப் முடிந்ததும் பேரிங் தீர்ந்துவிட்டது. மீதி 80 பம்ப் முண்டமாக நின்றது. தேதி மறுபடி மாறியது, ஏப்ரல் 7.

கவனியுங்கள். இங்கே யாரும் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை. இரண்டு ஜாப்புக்கும் சேர்த்து 560 பேரிங் வேண்டும். 560 தான் வாங்கினார்கள். தள்ளிப்போன அன்றே அந்த 400-ஐ ஸ்டோர்ஸுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தால், 18-ஆம் தேதி ஜாப்புக்கு அதிலிருந்து 160 முறைப்படி போயிருக்கும். மீதிப் பற்றாக்குறை மார்ச் கடைசியில்தான் என்று கம்ப்யூட்டருக்கே தெரிந்திருக்கும். வாங்கும் ஆர்டரைச் சில நாள் முன்னுக்கு இழுக்கவும் பத்து நாள் அவகாசம் இருந்திருக்கும். தேதியை மாற்றினார்கள். தேதியோடு சேர்ந்து மாற வேண்டிய சரக்கின் கணக்கை மாற்றவில்லை.

"எல்லாம் டைமுக்குத்தான் போயிட்டிருக்கு"

மார்ச் 31 அன்று வருடக் கணக்கு முடிப்பு, ஸ்டாக் எண்ணும் நாள். கையிருப்பு மதிப்பு எதிர்பார்த்ததை விடப் பல லட்சம் அதிகம். ஏப்ரல் முதல் வாரம் மேலாளர்கள் கூட்டம்.

திரையில் ஜாப் பட்டியல் ஓடியது. 200 பம்ப் ஜாப்புக்கு எதிரே: முடிய வேண்டிய தேதி ஏப்ரல் 7, நிலை: சரியான நேரத்தில். பச்சை நிறம்! மற்ற ஜாப்புகளும் பெரும்பாலும் பச்சை. ஏனென்றால் ஒரு ஜாப் தாமதமாகும் என்று தெரிந்த உடனே அதன் தேதியை மாற்றிவிடுவார்கள். புதுத் தேதியை வைத்துப் பார்த்தால் எந்த ஜாப்பும் தாமதமே இல்லை. பரீட்சையில் எடுத்த மார்க்கைப் பார்த்துவிட்டுப் பாஸ் மார்க்கை முடிவு செய்வது மாதிரி.

எல்லாம் நேரத்துக்குப் போகிறது என்றால் ஸ்டாக் ஏன் ஏறியது? யாராவது ஒருவர் மேல் பழி விழ வேண்டும். விழுந்தது இரண்டு பேர் மேல். சரக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ளாத ஸ்டோர்ஸ் பெரியவர். மார்ச் 7-ஆம் தேதி தர வேண்டிய சீலை 28-ஆம் தேதி தந்த சப்ளையர். அவர் சின்ன அளவில் தொழில் நடத்துபவர். மூன்று வாரம் தாமதம், இனி அவருக்கு ஆர்டர் வேண்டாம், வேறு ஆளைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது.

கூட்டம் முடிந்து அவள் ஸ்டோர்ஸுக்குப் போனாள். பெரியவர் கோபமாக இல்லை. மேசைக்கு அடியில் இருந்து கம்பியில் கோத்த பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு வாரத் திட்டத்தையும் பிரிண்ட் எடுத்துக் கோத்து வைப்பது அவர் பழக்கம். எல்லோரும் கேலி செய்வார்கள்.

"இதப் பாருங்க அம்மணி."

பிப்ரவரி முதல் வாரத் தாள். அதே ஜாப் எண். 200 பம்ப். முடிய வேண்டிய தேதி: மார்ச் 31.

அவள் இரண்டு தடவை படித்தாள். அப்படியானால் மார்ச் 10 என்பது எங்கிருந்து வந்தது?

முதல் தேதி

அடுத்த இரண்டு நாள் அவள் பழைய மின்னஞ்சல்களையும் பெரியவரின் தாள்களையும் வைத்துக்கொண்டு நடந்ததை ஒட்டுப் போட்டாள்.

அந்த ஜாப்பின் முதல் தேதி மார்ச் 31. அதை வைத்து எம்.ஆர்.பி. சீலை மார்ச் 28-க்கு ஆர்டர் செய்யச் சொன்னது. ஆர்டர் போனது, சப்ளையரும் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 12-ஆம் தேதி விற்பனைப் பிரிவில் இருந்து ஒரு வேண்டுகோள். ஒரு டீலர் சீசனுக்கு முன்னாலேயே கேட்கிறார், மார்ச் 10-க்குக் கொடுங்கள். ஜாப்பை முன்னுக்கு இழுத்தார்கள். காஸ்டிங், ஷாப்ட், வைண்டிங் எல்லாவற்றையும் முன்னுக்கு இழுக்க முடிந்தது. சீல் செய்து தர ஆறு வாரம் ஆகும், அதை இழுக்க முடியாது. பர்ச்சேஸில் இருந்து போன் செய்து, "மார்ச் 7-க்குத் தர முடியுமா?" என்று கேட்டார்கள். அவர், "பாக்கறனுங்க" என்றார்.

'பாக்கறனுங்க' என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் 'பாக்கறனுங்க' என்று போட ஒரு கட்டம் இல்லையே. மார்ச் 7 என்று போட்டார்கள். பழைய தேதிக்கு மேலேயே.

ஆக, சீல் சப்ளையர் ஒரு நாள் கூடத் தாமதம் செய்யவில்லை. முதலில் ஒப்புக்கொண்ட மார்ச் 28-ஆம் தேதியே கொடுத்திருக்கிறார். ஜாப்பை இழுக்காமல் விட்டிருந்தால் மற்ற பொருட்களும் மார்ச் கடைசியில்தான் வந்திருக்கும். 7,70,000 ரூபாய் 21 நாள் படுத்திருக்காது. பேரிங் முன்கூட்டியே இறங்கியிருக்காது, கடன் போயிருக்காது. 200 பம்பும் மார்ச் 31-க்குள் முடிந்திருக்கும். முன்னுக்கு இழுத்ததன் பலன், ஏழு நாள் பின்னால் போனது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. 31-ஐ 10 ஆக்கியது, 10-ஐ மறுபடி 31 ஆக்கியது, 31-ஐ 7 ஆக்கியது, மூன்றையும் கம்ப்யூட்டரில் தட்டியது அவள் விரல்தான். அவளுக்கு நினைவே இல்லை. தினமும் முப்பது நாற்பது தேதி மாற்றுகிற கைக்கு எது நினைவிருக்கும்? யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் வசதி பல மென்பொருட்களில் உண்டு. அங்கே அதை யாரும் இயக்கி வைக்கவில்லை.

நூறு வருடத்துக்கு முந்திய தாள்

கான்ட் சார்ட் எல்லோரும் கல்லூரியில் வரைந்திருப்பீர்கள். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்க இன்ஜினியர் பெயரில் இருப்பது. முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தின் ஆயுதத் தளவாடத் துறைக்கு அவர் இந்த வகைப் படங்களைப் பயன்படுத்தினார். 1919-ல் அவர் இறந்த பிறகு, உடன் வேலை பார்த்த வாலஸ் கிளார்க் 1922-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் படங்களில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. திட்டமிட்ட வேலைக்கு ஒரு கோடு, நடந்த வேலைக்கு அதனோடு சேர்த்து இன்னொரு கோடு. திட்டத்தை அழித்துவிட்டு நடந்ததை எழுதுவதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பின்தங்கினால் ஏன் என்பதற்கு ஓர் எழுத்து. பொருள் வரவில்லை என்றால் ஒன்று, ஆள் இல்லை என்றால் ஒன்று, மெஷின் ரிப்பேர் என்றால் ஒன்று. பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்தார்கள். வசதி பெருகிய பிறகு நாம் விட்டது அந்தப் பழைய கோட்டைத்தான்.

பெரிய இடத்திலும் இதே கதை

இது சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை மட்டும் என்று நினைத்தால் தவறு. 2021, 2022-ல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு இருந்தபோது என்ன நடந்தது? ஜெனரல் மோட்டார்ஸ் 2022 ஜூலை 1-ஆம் தேதி ஒரு தகவல் சொன்னது. சில பாகங்கள் இல்லாமலேயே தயாரித்து, முடிக்க முடியாமல் கையிருப்பில் நிற்கும் வண்டிகள் சுமார் 95,000. அதே வருடம் செப்டம்பரில் போர்டு நிறுவனம், அந்தக் காலாண்டு முடிவில் பாகம் வராமல் நிற்கும் வண்டிகள் 40,000 முதல் 45,000 வரை இருக்கும் என்றது. சப்ளையர் செலவு எதிர்பார்த்ததை விட சுமார் 100 கோடி டாலர் கூடும் என்றும் சொன்னது. மறுநாள் அதன் பங்கு விலை சுமார் 12 சதவீதம் விழுந்தது.

இன்ஜின், சீட், டயர், கண்ணாடி எல்லாம் போட்ட வண்டி. விலை ஆயிரக்கணக்கான டாலர். காத்திருப்பது ஒரு சிப்புக்கு. 150 ரூபாய்ச் சீலும் 4,000 ரூபாய்ப் பம்பும் இதே கணக்குத்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனிகள் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணி ஊருக்குச் சொல்லின. பம்ப் கம்பெனியில் எண்ணவே இல்லை.

நீள நோட்டு

அவள் கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினாள். ஏழு கட்டம் கோடு போட்டாள்.

ஜாப் எண். முதல் தேதி. இப்போதைய தேதி. மாற்றிய நாள். யார் கேட்டார்கள். ஏன். அன்று தளத்தில் இறங்கியிருந்த சரக்கின் மதிப்பு.

முதல் தேதிக் கட்டத்தை மட்டும் பேனாவில் எழுதினாள். அதில் அடித்தல் திருத்தல் கிடையாது. எத்தனை தடவை மாறினாலும் புது வரி, ஆனால் முதல் தேதி அதேதான்.

கடைசியில் ஒரு பெருக்கல். சரக்கின் மதிப்பை, தள்ளிப்போன நாட்களால் பெருக்குவது. 7,70,000 பெருக்கல் 21, வருவது 1,61,70,000. இதை ரூபாய்-நாள் என்று சொல்லலாம். 'தி கோல்' நாவல் எழுதிய எலியாஹு கோல்ட்ராட் சொன்ன டாலர்-நாள் அளவுகோலின் நம் ஊர் வடிவம். பத்து லட்ச ரூபாய்ச் சரக்கு ஒரு நாள் நிற்பதும், ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு பத்து நாள் நிற்பதும் இதில் சமம். எந்த ஜாப்பை முதலில் கவனிக்க வேண்டும் என்று இந்த எண் உடனே சொல்லிவிடும். சத்தம் போடுகிற கஸ்டமரின் ஜாப்புக்கும் ரூபாய்-நாள் அதிகமான ஜாப்புக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

ஆறு வாரம் எழுதினாள். தினமும் மாலை வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு ரூபாய்-நாளைக் காரணவாரியாகக் கூட்டிப் பார்த்தால், பொருள் தாமதம் என்ற தலைப்பில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் சப்ளையரின் தாமதமே அல்ல. முதலில் முன்னுக்கு இழுக்கப்பட்டு, பிறகு பின்னுக்குத் தள்ளப்பட்டவை.

கீழே இறங்கும் சரக்கு

நோட்டில் ஏறாத சரக்கும் ஒன்று உண்டு. அது ஒரு போன் அழைப்பில் தெரிந்தது. காஸ்டிங் தரும் பவுண்டரிக்காரர்.

"அடுத்த வாரமாச்சும் லோடு எடுத்துக்குவீங்களா அம்மணி? 200 செட்டு முடிச்சு வாசல்ல அடுக்கி வெச்சிருக்கேன். ஆளுகளுக்குக் கூலி குடுக்கோணுமல்ல."

சீல் வராததால் அடுத்த ஜாப்பும் தள்ளிப்போயிருந்தது. அதற்கான காஸ்டிங்கைக் கொஞ்சம் பொறுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பம்ப் கம்பெனியின் கணக்கில் அந்த ஸ்டாக் இல்லை. ஸ்டாக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். ஆனால் இரும்பு உருகி, கூலி செலவாகி, பொருள் உருவாகிவிட்டது. சுமக்கும் தோள் மட்டும் மாறியிருக்கிறது. அதுவும் சின்னத் தோள்.

சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டம், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. நல்ல சட்டம்தான். ஆனால் சரக்கை எடுத்துக்கொண்டால்தானே அந்த 45 நாள் ஓட ஆரம்பிக்கும்? தேதியைத் தள்ளினால் கடிகாரமே ஓடாது.

அன்று மாலை நோட்டில் எட்டாவது கட்டம் வந்தது. 'வெளியே காத்திருக்கும் சரக்கு.'

பிறகு

அடுத்த கூட்டத்துக்கு அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். கை நடுங்கியது. சீல் சப்ளையர் தாமதம் செய்யவில்லை என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தேதிகளை மாற்றியது தானே என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். சில நொடி யாரும் பேசவில்லை. விற்பனைப் பிரிவுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் தாளில் தேதி இருக்கும்போது என்ன வாதம் செய்வது?

பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. மூன்று மாற்றம் வந்தது. ஜாப்பின் முதல் தேதி கம்ப்யூட்டரில் தனிக் கட்டமாகப் போனது, அதை யாரும் திருத்த முடியாது, பச்சையா சிவப்பா என்பதை அதை வைத்தே முடிவு செய்வது. முடிய இன்னும் பத்து நாளே இருக்கும் ஜாப்பின் தேதியை மாற்ற வேண்டுமானால் தளத்திலும் ஸ்டோர்ஸிலும் கையெழுத்து வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பேரிங் மாதிரிப் பொதுப் பொருட்களை ஸ்டோர்ஸுக்குத் திருப்பிவிட வேண்டும்.

முதல் மாதம் திரை முழுக்கச் சிவப்பு. பார்க்கவே பயமாக இருந்ததாம். ஆனால் அந்தச் சிவப்பு எல்லாம் முன்பும் இருந்ததுதான்.

தேதி மாற்றங்கள் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது. மழை வரும், டீலர் அவசரப்படுவார், மெஷின் உடையும். ஆனால் குறைந்தது. மாற்றச் சொல்லி வருபவரிடம் அவள் நோட்டைத் திருப்பி, இதுவரை எத்தனை தடவை மாறியிருக்கிறது, இப்போது மாற்றினால் எத்தனை ரூபாய்-நாள் என்று காட்டுவாள். சிலர் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று போய்விடுவார்கள்.

சீல் சப்ளையருக்கு ஆர்டர் தொடர்ந்தது. அவரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு நடந்ததே அவருக்குத் தெரியாது.

பெரியவர் இப்போதும் வாரா வாரம் பிரிண்ட் எடுத்துக் கம்பியில் கோக்கிறார். யாரும் கேலி செய்வதில்லை. அவள் தேதி மாற்றக் கையெழுத்து வாங்க வந்து நின்றால், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"எத்தன ரூவா-நாளுங்க அம்மணி?"

பதில் சொன்ன பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார்.